ஏஎஸ்ஏ ஃபெயிலோவர்: செகண்டரி ஆக்டிவ் ஆனது, டிஎம்ஜெட் மட்டும் போனது

எடைமேடை40:
எங்கள் சர்க்கரை ஆலையில் இரண்டு சிஸ்கோ ஏஎஸ்ஏ 5516-எக்ஸ் ஃபயர்வால்கள், ஆக்டிவ்/ஸ்டாண்ட்பை ஜோடி. ஒன்று (ஆக்டிவ்) வேலை செய்யும், அது விழுந்தால் மற்றது (ஸ்டாண்ட்பை) எடுத்துக்கொள்ளும், அதுதான் ஃபெயிலோவர். மூன்று வருடமாக பிரைமரிதான் ஆக்டிவ். செகண்டரியை ஒருநாளும் ஓட்டிப் பார்த்ததில்லை. பிரைமரி இருக்கும் ரேக்கில் யுபிஎஸ் மாற்ற வேண்டியிருந்ததால் போன சனிக்கிழமை இரவு 11:30-க்கு அதில் "நோ ஃபெயிலோவர் ஆக்டிவ்" (ஆக்டிவ் வேலையை மற்ற பெட்டியிடம் விடும் கட்டளை) கொடுத்தேன். நான் உள்ளே நுழைந்திருந்த எஸ்எஸ்ஹெச் இணைப்பு அறுந்தது. மறுபடி உள்ளே போனால் செகண்டரி ஆக்டிவ். இன்டர்நெட் பிங் ஒன்றிரண்டுதான் விழுந்தது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

பத்து நிமிடத்தில் கேட்டிலிருந்து போன். எடைமேடை சர்வர் வரவில்லை, கரும்பு லாரிகள் ரோடு வரைக்கும் நிற்கின்றன. அந்த சர்வர் டிஎம்ஜெட்டில் (உள் நெட்வொர்க்கிலிருந்து பிரித்து வைத்த பகுதி), விலான் 40 (அதே சுவிட்சில் எண் கொடுத்துப் பிரித்த தனி நெட்வொர்க்). பிரைமரியில் "ஃபெயிலோவர் ஆக்டிவ்" கொடுத்ததும் எல்லாம் திரும்பியது. மாற்றுவதற்கு முன் "ஷோ ஃபெயிலோவர்" பார்த்துவிட்டுத்தான் செய்தேன். செகண்டரி "ஸ்டாண்ட்பை ரெடி" என்றுதான் இருந்தது. அப்புறம் ஏன் இப்படி? பகலெல்லாம் வெட்டி ஏற்றிவந்தவர்களை நள்ளிரவில் நிற்க வைத்துவிட்டேன், மனது கேட்கவில்லை. வரும் சனிக்கிழமை மறுபடி செய்தாக வேண்டும்.

கன்சோல்கேபிள்:
தம்பி, "ஸ்டாண்ட்பை ரெடி" என்றால் அந்தப் பெட்டி நலமாக இருக்கிறது, கான்ஃபிக் வந்து சேர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு காலும் சரியான இடத்தில் ஊன்றியிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

உங்கள் டிஎம்ஜெட் சப்-இன்டர்ஃபேஸ் (ஒரே ஃபிசிக்கல் போர்ட்டில் பிரித்த கிளை) என்று நினைக்கிறேன். ஏஎஸ்ஏ தானாகக் கண்காணிப்பது ஃபிசிக்கல் இன்டர்ஃபேஸ்களை மட்டும். சப்-இன்டர்ஃபேஸை "மானிட்டர்-இன்டர்ஃபேஸ்" கொடுத்து நாம்தான் சேர்க்க வேண்டும். "ஷோ ஃபெயிலோவர்" கொடுத்து கீழே டிஎம்ஜெட் வரியைப் பாருங்கள், "நாட்-மானிட்டர்டு" என்று இருக்கும். ஸ்டாண்ட்பை ஐபி (அங்கே காத்திருக்கும் பெட்டிக்கான முகவரி) 0.0.0.0 என்று இருந்தால் முதலில் அதைக் கொடுங்கள். அது இல்லாமல் கண்காணிப்பு "வெயிட்டிங்"கிலேயே நிற்கும்.

ஆனால் சர்வர் கிடைக்காமல் போனதற்கு என் சந்தேகம் சுவிட்ச் மேல்தான். செகண்டரி செருகியிருக்கும் போர்ட்டின் டிரங்கில் (பல விலான்களைச் சுமக்கும் இணைப்பு) விலான் 40 இருக்கிறதா? அதைச் சேர்க்கும்போது "அலவ்டு விலான் ஆட் 40" என்று அடியுங்கள். "ஆட்" விட்டுப்போனால் பழைய பட்டியல் அழிந்து 40 மட்டும் மிஞ்சும். பிறகு பிரைமரியிலிருந்தே "ஃபெயிலோவர் எக்ஸெக் மேட்" (கட்டளையை மற்ற பெட்டியில் ஓட்டும்) போட்டு சர்வருக்கு பிங் அனுப்புங்கள். ரோல் மாற்றாமலே செகண்டரியின் வழி தெரிந்துவிடும்.

இரவுப்பணி:
இன்னொன்று. "நோ ஃபெயிலோவர் ஆக்டிவ்" என்பதில் கடைசி வார்த்தையை விட்டு என்டர் தட்டிவிடாதீர்கள். "நோ ஃபெயிலோவர்" ஃபெயிலோவரையே அணைத்துவிடும். ஆக்டிவ் ஆக்டிவாகவே, ஸ்டாண்ட்பை ஸ்டாண்ட்பையாகவே நிற்கும், டிராஃபிக் ஓடும், ஒன்றும் நடக்காத மாதிரி இருக்கும். அந்த நிலையில் பிரைமரியின் கரண்டைப் பிடுங்கினால் செகண்டரி எடுத்துக்கொள்ளாது. யுபிஎஸ் வேலை என்பதால் சொல்கிறேன். "பிராம்ப்ட் ஹோஸ்ட்நேம் பிரையாரிட்டி ஸ்டேட்" போட்டு வையுங்கள், எந்தப் பெட்டியில் இருக்கிறோம் என்று ஒவ்வொரு வரியிலும் தெரியும்.

எடைமேடை40:
கன்சோல்கேபிள் அண்ணா, அப்படியேதான். டிஎம்ஜெட் "நாட்-மானிட்டர்டு", ஸ்டாண்ட்பை ஐபி 0.0.0.0. போன வருடம் அந்த சுவிட்சை மாற்றியபோது செகண்டரியின் டிரங்கில் 10, 20, 30 மட்டும் போட்டிருக்கிறார்கள். 40-ஐச் சேர்த்தேன், ஐபி கொடுத்தேன், கண்காணிப்பில் போட்டேன், செகண்டரியிலிருந்து சர்வருக்கு பிங் போனது. சனிக்கிழமை ரோல் மாற்றியதும் நேரே கேட்டுக்குப் போய் நின்றேன். அடுத்த லாரிக்குச் சீட்டு அச்சாகி வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் யுபிஎஸ்ஸில் கை வைத்தோம்.

இப்போது பிரைமரி திரும்ப வந்து ஸ்டாண்ட்பையாக நிற்கிறது. அதை மறுபடி ஆக்டிவ் ஆக்க வேண்டுமா?

கன்சோல்கேபிள்:
அவசரமே இல்லை. ஆக்டிவ்/ஸ்டாண்ட்பையில் பிரைமரி தானாகப் பிடுங்கிக்கொள்ளாது, செகண்டரி ஓடட்டும். மூன்று வருடம் சும்மா இருந்த பெட்டி. அரவை சீசன் முடிந்ததும் ஒரு பகல் வேளையில் திருப்புங்கள்.