நாலு பேர் முன்னிலையில்

மதுரையிலிருந்து:

1990களின் நடுவில் கல்லூரி விடுதிக்கு என்னைப் பார்க்க வந்த அப்பா, உறவினர் திருமணத்தில் தாம்பூலத்துடன் கொடுத்த மஞ்சள் துணிப்பையில் முறுக்கும் அதிரசமும் கொண்டு வந்திருந்தார். வாங்கிய வேகத்தில் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அப்பா அதைக் கவனித்தார், எதுவும் சொல்லவில்லை. மஞ்சப்பை தூக்குபவன் பட்டிக்காட்டான் என்ற பேச்சு அன்று அவ்வளவு ஊறியிருந்தது. பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடைத்ததால்தான் துணிப்பை ஒழிந்தது என்பார்கள். நான் கண்டவரை, வெட்கம்தான் முதலில் அதை ஒழித்தது.

ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகை பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை விதித்தபோது, எங்கள் பகுதிக் கறிக்கடையில் சில வாரங்கள் இலையில் மடித்துக் கொடுத்தார்கள். பிறகு கறுப்புக் கவர் திரும்பிவிட்டது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியபோது அப்பாவின் முகம் நினைவுக்கு வர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளியுடன் வரிசையில் நின்றேன். கடைக்காரர் பழக்கதோஷத்தில் கறியைக் கவரில் போட்டு, அந்தக் கவரை வாளிக்குள் வைத்தார். எடுத்துக் கொடுத்து, நேரே வாளியில் போடச் சொன்னேன். பல வாரங்கள் வாளியுடன் நின்றது நான் ஒருவன்தான். பின்னர் ஒரு ஞாயிறு, எனக்கு முன்னால் நின்றவரிடம் கடைக்காரரே, "அண்ணே, பாத்திரம் கொண்டாரலையா?" என்று உரக்கக் கேட்டார். அபராதப் பலகை மாற்றாத பழக்கத்தை அந்தக் கேள்வி மாற்றத் தொடங்கியது. இன்று வரிசையில் பாதிப் பேர் கையில் பாத்திரம் இருக்கிறது.

சிவகங்கை மாவட்டத்திலிருந்து:

உங்கள் கறிக்கடைக் கேள்வியைப் படித்ததும் நான் வாழ்க்கைப்பட்ட ஊரின் தீபாவளி நினைவுக்கு வந்தது. 1977இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட வேட்டங்குடிக் கண்மாய்களை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், கூடு கட்டியிருக்கும் நத்தை குத்தி நாரைகளும் கொக்குகளும் மிரண்டுவிடும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. அதைப் பாராட்டி வனத்துறையினர் இனிப்பு வழங்குவதும் உண்டு.

தலைதீபாவளி தாய்வீட்டில் முடிந்ததால், மறு ஆண்டுதான் எனக்கு இது புரிந்தது. தீபாவளிச் சீரோடு என் தம்பி ஒரு பட்டாசுப் பெட்டியும் கொண்டு வந்தான். அத்தை கண்டிக்கவில்லை, காபி கொடுத்து உட்காரச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "மாமா, இதை எங்க ஊர்ல யாரும் வெடிக்க மாட்டோமே" என்றாள். அவள் குரலில் ஏக்கம் இல்லை, பெருமைதான் இருந்தது. தம்பி பெட்டியைக் காரிலேயே வைத்துப் பூட்டினான். அடுத்த ஆண்டுச் சீரில் அந்தச் சிறுமிக்கென்று தனியாக ஒரு மைசூர்பாகு டப்பா இருந்தது.