குழந்தைகள் சொல்லும் வேடிக்கையான பேச்சை எழுதி வைக்கிறீர்களா? எப்படி எழுதுகிறீர்கள்?

கேள்வி: ஈரோட்டிலிருந்து ஒரு தாய்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு ஏழு வயதில் ஒரு மகனும், இன்னும் நான்கு வயது நிறையாத ஒரு மகளும் இருக்கிறார்கள். சென்ற வாரம் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போகும்போது, கூடத்தில் பாட்டியோடு உட்கார்ந்திருந்த மகளிடம், மூன்று விசில் வந்ததும் வந்து சொல்லும்படி கூறிவிட்டுப் போனேன். சற்று நேரத்தில் மூச்சிரைக்கப் படியேறி வந்தவள், "அம்மா, மூணு பேரும் வந்துட்டாங்க" என்றாள். யாரோ விருந்தினர் வந்துவிட்டார்கள் என்று எண்ணி, பிழிந்த துணியை வாளியிலேயே போட்டுவிட்டு, கலைந்த முடியை அள்ளி முடிந்துகொண்டு கீழே ஓடினேன். கூடத்தில் மாமியார் மட்டும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். யார் வந்தது என்று மகளிடம் கேட்டபோது, அவள் குக்கரைக் கைகாட்டி, "வந்துட்டுப் போயிட்டாங்க" என்றாள். மாமியார் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

அன்று இரவு மகன் என்னிடம், "நான் பாப்பா மாதிரி இருக்கும்போது என்னெல்லாம் சொன்னேன்?" என்று கேட்டான். ஒன்று நினைவுக்கு வந்தது. பெரியவர்களை வாங்க, போங்க என்றுதான் பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிக்கொடுத்திருந்ததால், மூன்று வயதில் அவன் எல்லா உயிர்களையும் அப்படியே அழைத்தான். வாசலில் சோறு வைத்தால், "காக்கா, சாப்பிடுங்க, சண்டை போடாதீங்க" என்பான். பக்கத்து வீட்டு நாயிடம், "கடிக்காதீங்க" என்று கைகூப்புவான். அதைச் சொன்னேன், மகிழ்ந்தான். "இன்னொண்ணு சொல்லு" என்றான். எவ்வளவு யோசித்தும் இன்னொன்று வரவில்லை. நாள்தோறும் ஏதோ ஒன்றைச் சொல்லி எங்களைச் சிரிக்க வைத்த பிள்ளை அவன். அவற்றைத் தொலைபேசியில் என் அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன். இன்று கையில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது.

மகளின் பேச்சையாவது எழுதி வைக்க விரும்புகிறேன். எதை எழுதுவது, எப்படி எழுதுவது, குறிப்பேடா கைப்பேசியா, நாள்தோறும் எழுத இயலாதவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பதில் 1: திருநெல்வேலி, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, மூன்று பேரப்பிள்ளைகளின் ஆச்சி

அன்புள்ள மகளே, உங்கள் மகன் கேட்ட கேள்வி நியாயமானது. பெரும்பாலான மனிதர்களுக்கு மூன்று, மூன்றரை வயதுக்கு முன் நடந்தது எதுவும் பிற்காலத்தில் நினைவிருப்பதில்லை. அந்த வயதில் அவன் என்ன பேசினான் என்பதை அவனால் தனக்குள் தேடி எடுக்க இயலாது. அதை உங்களிடமிருந்துதான் பெற முடியும்.

முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். பிள்ளை சொன்னதை இலக்கணத் தமிழில் திருத்தி எழுதாதீர்கள். நாற்பது ஆண்டுகள் பிழை திருத்திய கை என்னுடையது. ஆனாலும் பேரன் பேச்சை எழுதும்போது ஓர் எழுத்தைக்கூட மாற்றுவதில்லை. "மரம்" என்பதை அவன் "மயம்" என்றால் "மயம்" என்றே எழுதுகிறேன். ரகரமும் ழகரமும் குழந்தையின் நாவுக்குப் பிந்தித்தான் வசப்படும் என்பதால், அந்த "மயம்" சில மாதங்களில் போய்விடும். ஒரு நாள் காலையில் எழுந்து "மரம்" என்று தெளிவாகச் சொல்லும்போது, அது நேற்றுவரை எப்படி ஒலித்தது என்பதே நமக்கு மறந்துவிடுகிறது.

அதைவிட முக்கியமாக, நாம் பிழையென்று சிரிக்கும் இடத்தில்தான் பிள்ளை மொழியைக் கட்டிக்கொண்டிருக்கிறது. என் பேரன் இரண்டரை வயதில் தன் அம்மாவிடம், "நாங்க ரெண்டு பேரும் கடைக்குப் போவோமா?" என்றான். எந்த இரண்டு பேர் என்று அவள் கேட்டாள். "நீயும் நானும்தான்" என்றான். கேட்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம், அவரை விட்டுவிட்டால் நாங்கள் என்பது தமிழில் உள்ள வேறுபாடு. ஆங்கிலத்திலோ இந்தியிலோ இது இல்லை. யாரும் பாடமாக எடுக்காமல், வீட்டில் கேட்டதைக் கொண்டே ஒரு குழந்தை இதைப் பிரித்துக்கொள்கிறது. சில மாதங்கள் கழித்து ஒரு மாலை, "நாம போவோமா ஆச்சி?" என்று அவன் கேட்டபோது, என்னையும் அந்தச் சொல்லுக்குள் சேர்த்துக்கொண்டான் என்று நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.

தன்வினை, பிறவினை பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் அதைப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமன்று. இவனோ மூன்று வயதில் கண்ணாடி டம்ளரைத் தட்டிவிட்டு, நான் அடுக்களையிலிருந்து வருவதற்குள் வாசற்படியில் நின்று, "ஆச்சி, டம்ளர் கீழ இறங்கி உடைஞ்சிட்டு" என்றான். அதே வாரம் மரக்கட்டைகளை அடுக்கி ஒரு கோபுரம் செய்தபோது, "நான்தான் கட்டுனேன்" என்று தெருமுழுதும் சொன்னான். அது சரிந்ததும், "அதுவா விழுந்துட்டு" என்றான். எந்த இடத்தில் தன் பெயரைச் சேர்ப்பது, எந்த இடத்தில் பொருளையே எழுவாயாக்கிவிட்டு ஒதுங்குவது என்பதை அவ்வளவு துல்லியமாக அறிந்திருந்தான்.

வீட்டுக்குள் வழங்கும் மழலைச் சொற்களையும் மறவாமல் எழுதுங்கள். எங்கள் வீட்டில் சோறு என்பது மம்மு. மருமகளின் பிறந்த வீட்டில் பூவா. பேரன் இரண்டையும் வைத்துக்கொண்டு, என்னிடம் மம்முவும் அந்த ஆச்சியிடம் பூவாவும் கேட்பான். பாலுக்கு இங்கா, தூக்கத்துக்குத் தாச்சி என்று இவற்றுக்கெல்லாம் அகராதியில் பெரிய இடமில்லை. நாம் எழுதாவிட்டால் அந்தந்த வீட்டோடு போய்விடும்.

சார்லஸ் டார்வின் 1839இல் பிறந்த தம் மூத்த மகனைக் கவனித்துக் குறிப்பெழுதி வந்தார். பல ஆண்டுகள் கழித்து, 1877இல் அக்குறிப்புகளைக் கொண்டு "மைண்ட்" என்னும் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சரியாக ஒரு வயதில் அந்தக் குழந்தை உணவுக்கென்று தானே ஒரு சொல்லை உருவாக்கிக்கொண்டதாக அதில் எழுதுகிறார். அந்தச் சொல் "மம்". அதைப் படித்த அன்று, கையில் மம்முக் கிண்ணத்தோடு பேரனுக்குப் பின்னால் நடந்துகொண்டே நெடுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நம் முன்னோரும் இதில் பின்தங்கியவர்கள் அல்லர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையில், மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்பட்ட மாதங்களுக்கு ஒன்றாகப் பத்துப் பருவங்கள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் மாதம் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைகொட்டும் சப்பாணி, பதினைந்தாம் மாதம் நிலவை விளையாட அழைக்கும் அம்புலி என்று, குழந்தை வளரும் வரிசையை உற்றுப் பார்த்த தாய்மார்களின் கண் அதில் இருக்கிறது.

பதில் 2: சென்னையிலிருந்து ஒரு தாய்

எழுதுவது மிக நல்லது. ஆனால் எழுதியதை யார் முன்னால் சொல்வது என்பதிலும் கவனம் வேண்டும் என்று என் அனுபவத்தில் சொல்கிறேன். என் மகன் "பிரிட்ஜ்" என்பதை "பிஜிரு" என்று சொல்வான். வீட்டுக்கு வந்த உறவினர்கள் எல்லோரும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துச் சிரித்தார்கள். நானும் உடன் சிரித்தேன். ஒரு நாள் அவன் தண்ணீர் கேட்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லாமல் விரலால் மட்டும் காட்டினான். பேசினால் சிரிப்பார்கள் என்று தெரிந்துகொண்டுவிட்டான். அன்றிலிருந்து, அவன் சொன்ன கருத்துக்கு அவனோடு சேர்ந்து சிரிப்போம், அவன் உச்சரிப்பைக் கேட்டு யாரும் அவன் முன் சிரிக்கக் கூடாது என்று வீட்டில் முடிவு செய்தோம். காணொளி எடுத்து உறவினர் குழுக்களில் போடுவதையும் நிறுத்திவிட்டோம். இப்போது அவனுக்கு ஒன்பது வயது. தன் பழைய பேச்சைத் தானே படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கிறான்.

பதில் 3: மதுரையிலிருந்து, வளர்ந்த மகளின் தாய்

நான் எழுதத் தொடங்கியது ஒரு சிறு கலவரத்தால். நாங்கள் கூட்டுக்குடும்பமாக இருந்தோம். என் கொழுந்தனார் இருவரும் என்னை "அண்ணி" என்று அழைப்பதைக் கேட்டு, பேசத் தொடங்கிய மகள் என்னை "அண்ணி" என்றே அழைத்தாள். அவள் அப்பாவை, மாமியார் அழைப்பதுபோல, "தம்பி" என்றாள். காய்கறிக்காரர் முன்னால் ஒரு வயதுப் பிள்ளை இடுப்பில் இருந்தபடி, "அண்ணி, தக்காளி" என்றதும் அவர் தராசைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். கொழுந்தனார்கள் இருவரும் ஒரு மாதம் என்னை "அம்மா" என்று அழைத்து அவளுக்குப் பழக்கினார்கள். அதன் பிறகுதான் நான் அவளுக்கு அம்மா ஆனேன். இந்தக் கதையை ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டில் எழுதியதுதான் தொடக்கம்.

நடைமுறையில் நான் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். நாள்தோறும் எழுத முயன்றால் இரண்டாம் வாரமே நின்றுவிடும். வியப்பாக ஏதாவது சொன்ன அன்று மட்டும் எழுதினால் போதும். சொன்ன சொல்லோடு தேதி, வயது, யாரிடம் சொன்னாள், அதற்கு முன் என்ன நடந்தது என்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். நான் தொடக்கத்தில் வெறும் சொல்லை மட்டும் எழுதியதால், "பச்சைக் கோவம்" என்று ஒரு பக்கத்தில் இருக்கிறது. எதற்காகச் சொன்னாள் என்பது எங்கள் இருவருக்குமே இன்று தெரியவில்லை. குரலுக்குக் கைப்பேசிப் பதிவு சிறந்தது, எழுத்தால் அந்தக் குரலைத் தர முடியாது. ஆனால் கைப்பேசி பழுதானால் எல்லாம் போய்விடும் என்பதால், பதிவுகளை வேறோர் இடத்திலும் சேமித்து வையுங்கள். குறிப்பேட்டைச் சமையலறையிலேயே, அரிசி டப்பாவின் பக்கத்தில் வைத்திருந்தேன். அதனால் பல பக்கங்களில் மஞ்சள் கறை உண்டு. மகளுக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடிக்கும்.

கல்லூரி விடுதிக்குப் போகும்போது அதை அவளிடம் கொடுத்தேன். முதல் வாரம் வீட்டு நினைவு அதிகமாக வந்த ஓர் இரவில் தொலைபேசியில் அழைத்து, "அண்ணி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

பதில் 4: வேலூரிலிருந்து ஒரு தந்தை

தாய்மார்கள் பேசும் இடத்தில் ஒரு வழியை மட்டும் சொல்லிச் செல்கிறேன். என் மனைவி செவிலியர். வாரத்தில் சில நாட்கள் இரவுப் பணி. அந்த இரவுகளில் பிள்ளை பேசியதை அவரால் கேட்க முடியாது. ஆகவே காலையில் தினசரி நாட்காட்டியின் தாளைக் கிழித்ததும், அதன் பின்பக்கத்தில் பிள்ளை முந்தைய இரவு சொன்னதை எழுதி, அவருடைய காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிடுவேன். ஆங்கிலத் தேதி, தமிழ் மாதம், கிழமை எல்லாம் தாளிலேயே அச்சாகியிருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை. பணி முடிந்து களைத்து வருபவர், செருப்பைக் கழற்றும் முன்பே அந்தத் தாளைத் தேடுவார். மூன்று ஆண்டுத் தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கின்றன.

ஈரோட்டிலிருந்து, கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஆச்சி சொன்னபடி ஓர் எழுத்தையும் திருத்தாமலும், மதுரை அக்கா சொன்னபடி சூழ்நிலையைச் சேர்த்தும், குக்கர் கதையை நேற்று எழுதி முடித்தேன். என் அம்மாவிடம் பேசியபோது, மகன் சொன்னவற்றில் நான் மறந்துபோன ஐந்தாறு அவருக்கு நினைவிருந்தது தெரிந்தது. என்னிடம் தொலைபேசியில் கேட்டதையெல்லாம் அவர் அத்தைக்கும் சித்திக்கும் சொல்லி வந்ததால் மறக்கவில்லையாம். அவற்றையும் எழுதிவிட்டேன். மகன் தன் பக்கங்களை மூன்று முறை படித்தான்.

நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள், அது என்ன என்று கேட்டாள். சொல்லிவிட்டு, குக்கர் கதையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். சிரிக்காமல் முழுவதும் கேட்டுவிட்டு, "இது நான் நாளைக்குச் சின்னப் பிள்ளையா இருந்தப்ப சொன்னதுதானேம்மா?" என்றாள். அதையும் தேதி போட்டு எழுதியிருக்கிறேன்.