‘பிரிகவரி’: முன்மீட்பா, பழந்தடமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினர்க்கு,

புதிதாகக் கண்ட விண்பொருளைப் பழைய படங்களில் பின்னோக்கித் தேடி எடுப்பதே ‘பிரிகவரி’ (precovery). இதை ‘முன்மீட்பு’ என்று எழுதி வருகிறோம். தொலைந்ததைத்தானே மீட்போம்? ‘முன்கண்டுபிடிப்பு’ம் ஒவ்வாது. 1795 மே 8, 10 இரவுகளில் பிரெஞ்சு வானியலர் லலாந்து, கோள் என்று அறியாமலே நெப்டியூனைக் குறித்துவைத்தார். இரு இடங்களும் ஒத்துவராததை அளவைப் பிழை என்று கொண்டார். உண்மையில் கோள்தான் நகர்ந்திருந்தது. பதிவு உண்டு, கண்டுபிடிப்பு இல்லை.

‘பழந்தடம்’ எனலாம் என்பது என் கருத்து. நெப்டியூனுக்கு அப்பால் இருக்கலாம் என்று கருதப்படும் ஒன்பதாம் கோள் அகப்பட்டால் உடனே அதிகம் புழங்கப்போகும் சொல் இது. 500 வானியல் அலகுத் தொலைவில் (பூமி–சூரியன் தொலைவைப் போல் 500 மடங்கு) வட்டப்பாதையில் செல்லும் கோள் ஆண்டுக்கு 2 வில்நிமிடமே (வில்நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) இடம்பெயரும். பூமி சூரியனைச் சுற்றுவதால் பார்க்கும் இடம் மாறி வரும் இடமாறு தோற்றமோ இருபுறமும் 7 வில்நிமிடம். ஆகவே ஓராண்டு நோக்கினால் தொலைவு தெரிந்துவிடும், பாதையின் வடிவம் பிடிபடாது. 20 ஆண்டு பழைய படம் ஒன்று கிடைத்தால் பாதையில் 40 வில்நிமிட நீளம் கைக்கு வரும்.

-----

ஐயா,

பொருள் பொருந்துகிறது, ‘தடம்’ இடிக்கிறது. நெடுநேரப் படத்தில் சிறுகோள் கோடாக இழுபடுவதையும் தடம் என்றே எழுதுகிறோம். நீங்கள் சொல்லும் கோள் எதிர்வின்போதும் (பூமிக்கு ஒருபுறம் சூரியனும் மறுபுறம் கோளும் இருக்கையில்) மணிக்கு 0.3 வில்விநாடிதான் (வில்விநாடி என்பது வில்நிமிடத்தில் அறுபதில் ஒரு பங்கு) நகரும். ஒரு மணி நேரப் படத்திலும் புள்ளியாகவே விழும்.

‘முற்சுவடு’ எப்படி? முற்சுவடு தேடல், முற்சுவடுப் படம் என்று இயல்பாக நீளும். சுவடியும் நினைவுக்கு வருவது கூடுதல் அழகு.

வரையறையில் கறாராக இருப்போம். பாதையைப் பின்னோக்கிக் கணிக்க வேண்டும். பிழை எல்லையை வரைய வேண்டும். அந்த இரவின் படம் அவ்வளவு மங்கலான பொருளை எட்டுமா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அதே இடத்தின் வேறு நாள் படத்தில் அந்தப் புள்ளி இல்லை என்பதும் உறுதியாக வேண்டும். இதை விட்டால் மங்கல் விண்மீன் ஏதாவது கோளாகிவிடும்.

1983 ஐராஸ், 2006 அகாரி ஆகிய விண்வெளித் தொலைநோக்கிகளின் அகச்சிவப்புப் பட்டியல்களை ஒப்பிட்டுக் கோளைத் தேடுவது இதில் சேராது. அங்கே பொருளே இன்னும் கிடைக்கவில்லை. அதற்குக் ‘காப்பகத் தேடல்’ போதும்.

-----

தடத்தை விட்டுவிடுகிறேன். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “1930இல் கண்ட புளூட்டோவுக்கு 1909 வரையும், 2003இல் கண்ட தொலைதூர விண்பொருள் செட்னாவுக்கு 1990 வரையும் முற்சுவடுகள் உண்டு.” தடங்கலின்றி ஓடுகிறது. பட்டியலில் சேர்க்கலாம்.