45 சிசி செயின்சாவுக்கு 20 அங்குல பார் போடலாமா?

விறகுக்கட்டை:
என்னிடம் இருப்பது 45 சிசி பெட்ரோல் செயின்சா, 16 அங்குல பார் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு). பாரின் பள்ளம் தேய்ந்து செயின் ஒரு பக்கமாகச் சாய்கிறது, வெட்டும் கோணலாகப் போகிறது. எப்படியும் புதுசு வாங்க வேண்டும். அப்படியே 20 அங்குல பாருக்கு மாறி, ஃபுல் சிசல் செயினும் போட்டுவிடலாமா? கீழே விழுந்து கிடக்கும் காய்ந்த மரங்களைத் துண்டு போடுவதுதான் பெரும்பாலும் என் வேலை.

நெடும்பார்:
தாராளமாகப் போடுங்கள். தடித்த மரத்தை ஒரே வெட்டில் முடித்துவிடலாம், ரொம்பக் குனியவும் வேண்டாம். ஃபுல் சிசல் பல்லின் முனை சதுரம். நாரை நறுக்கென்று அறுத்துக்கொண்டு போகும். செமி சிசலில் முனை உருண்டை, அந்த வேகம் வராது.

அரமும்கையும்:
இரண்டுமே வேண்டாம் என்பேன். 20 அங்குலமும் கட்டைக்குள் புதைந்தால், அத்தனை பற்களையும் இழுக்கப்போவது அதே எஞ்சின்தான். செயின் வேகம் விழும், அழுத்தினால் கிளட்ச் வழுக்கிச் சூடேறும். நீள பாருக்கு எண்ணெயும் அதிகம் வேண்டும். நுனிவரை போய்ச் சேராவிட்டால் பார் சூட்டில் நீலம் பாய்ந்துவிடும். 16 அங்குலத்தை விடத் தடித்த மரமா? இரு பக்கமிருந்தும் அறுங்கள், முடிந்தது.

நெடும்பார்:
50 சிசி வகுப்பில் 20 அங்குலம்வரை அனுமதிக்கும் மாடல்கள் இருக்கின்றனவே! அழுத்தாமல், செயின் தானாக இறங்கும்படி விட்டால் எஞ்சின் திணறாது.

அரமும்கையும்:
உங்கள் கையேடு அனுமதித்தால் எப்போதாவது போடலாம், நாள் முழுக்க அதில் வேலை செய்வது வேறு. பாரை விட எனக்குக் கவலை செயின்தான். கீழே கிடக்கும் மரம் என்றால் பட்டையிடுக்கில் மண்ணும் மணலும் இருக்கும். ஃபுல் சிசலின் வேகமெல்லாம் அந்தச் சதுர மூலையில் இருக்கிறது, மண்ணில் பட்டால் முதலில் போவதும் அந்த மூலைதான். மழுங்கிய ஃபுல் சிசலை விடக் கூரான செமி சிசல் சீக்கிரம் அறுக்கும். சீவல் விழாமல் மாவு மாதிரி தூள் கொட்டினால் பல் போய்விட்டது என்று அர்த்தம். அதோடு மல்லுக்கட்டாதீர்கள், உடனே அரம் போடுங்கள்.

நெடும்பார்:
சரி, மண் விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சுத்தமான பச்சை மரத்தில் ஃபுல் சிசலுக்கு ஈடு கிடையாது.

பழையபட்டறை:
இருவரும் நீளத்தையும் பல்லையும் பேசுகிறீர்கள், பொருத்தத்தை யாரும் கேட்கவில்லை. அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளை அளந்து, முதலுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள தூரத்தில் பாதியை எடுத்தால் அதுதான் பிட்ச். செயின், அதை இழுக்கும் கிளட்ச் பக்கத்துப் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட், பார் நுனிச் சக்கரம் மூன்றுக்கும் அது ஒன்றாக இருக்க வேண்டும். அடுத்தது கேஜ், அதாவது பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடும் கண்ணியான டிரைவ் லிங்க்கின் தடிமன். 0.058 அங்குலப் பள்ளத்தில் 0.050 செயின் போட்டால் ஆடும், 0.063 போட்டால் உள்ளேயே இறங்காது. 'பதினாறு அங்குல செயின்' என்று மட்டும் கேட்டு வாங்காதீர்கள், டிரைவ் லிங்க்குகளை எண்ணிச் சொல்லுங்கள். ஸ்ப்ராக்கெட்டில் ஆழமாகத் தடம் விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் புதுச் செயினைத் தின்றுவிடும்.

விறகுக்கட்டை:
பாரில் பிட்ச் .325, கேஜ் .050 அங்குலம் என்று பொறித்திருக்கிறது. செயினில் எண்ணினேன், 66 டிரைவ் லிங்க். ஸ்ப்ராக்கெட்டிலும் நன்றாகவே தடம் தெரிகிறது.

அரமும்கையும்:
அப்படியானால் அதே அளவில் 16 அங்குல பார், இரண்டு செமி சிசல் செயின், கூடவே புது .325 ஸ்ப்ராக்கெட். தீட்ட 4.8 மிமீ உருண்டை அரம். பாரை அவ்வப்போது திருப்பிப் போட்டால் இரு பக்கமும் ஒரே மாதிரி தேயும்.

நெடும்பார்:
இரண்டில் ஒன்றை ஃபுல் சிசலாக வாங்குங்கள், பச்சை மரம் வரும்போது எடுத்துப் போடலாம். ஆனால் எது போட்டாலும் பார் நுனியின் மேல் பாதி மரத்தில் படக்கூடாது, கிக்பேக், அதாவது பார் திடீரென்று நம் பக்கம் எகிறுவது, அங்கிருந்துதான் கிளம்பும்.

அரமும்கையும்:
அதில் எனக்கும் மறுப்பில்லை.