மறு: ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் – ‘கால் தவிப்பு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

ஓய்வில் இருக்கும்போது காலை அசைத்தே ஆக வேண்டும் என்று தோன்றும் ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் சிண்ட்ரோம் என்ற நோய்க்குத் தமிழ்ப் பெயர் தேடி, நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டு எழுதுகிறேன். சொல்லாக்கத்தில் எனக்குப் பெரிய பயிற்சி கிடையாது. உயிரியல் ஆசிரியையாக இருந்தபோது பாடநூல் சொற்களோடு மல்லாடியது மட்டும் உண்டு. ஆனால் இந்த நோய் எனக்கு 22 ஆண்டுகளாக இருக்கிறது. என் அம்மாவுக்கும் இருந்தது. அதனால் இந்தச் சொல் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. நீளமாக எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

> ‘அமைதியற்ற கால் நோய்க்குறி’, ‘ஓய்வற்ற கால் கூட்டறிகுறி’ என்று ஏற்கெனவே எழுதுகிறார்களே. புதிதாக எதற்கு இன்னொன்று?

ஐயா, ஓய்வற்ற கால் என்றால் தமிழ் காதுக்கு என்ன கேட்கிறது? நாள் முழுக்க நாற்று நட்டவளின் கால், பேருந்தில் நின்றே டிக்கெட் கிழித்த கண்டக்டரின் கால். ஓய்வே கிடைக்காத கால். இந்த நோயில் நடப்பது நேர்மாறு. வேலை செய்யும்வரை ஒன்றுமே இல்லை. ஓய்வு கொடுத்தால்தான் வருகிறது. ‘அமைதியற்ற’ என்பதோ பக்கத்தில் படுத்திருப்பவர் பார்த்துச் சொல்லும் சொல். அனுபவிப்பவர் சொல்வது அது அல்ல.

எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். இரவு எட்டு மணி வாக்கில் உட்கார்ந்திருக்கும்போது தொடங்கும். கெண்டைக்காலுக்குள், தோலிலும் இல்லாமல் மூட்டிலும் இல்லாமல், ஆழத்தில். வலி என்று சொல்ல முடியாது. அரிப்பும் இல்லை, மரத்துப்போவதும் இல்லை. ‘அசை, அசை’ என்று உள்ளிருந்து ஒரு நெருக்கல். அடக்கிப் பார்க்கலாம், அரை நிமிடம், ஒரு நிமிடம். அடக்க அடக்க ஏறும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் இருப்பது போல. எழுந்து நாலு அடி வைத்தால் அந்த நொடியே போய்விடும். படுத்தால் திரும்ப வந்துவிடும். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் தானாக அடங்கும். அப்போதுதான் தூக்கம் வரும். ஐந்தரைக்கு எழுந்தாக வேண்டும்.

இப்போது சொன்னதில்தான் மருத்துவர்கள் நோயை அடையாளம் காணும் அடிப்படையும் இருக்கிறது. அசைக்கச் சொல்லும் உந்துதல், ஓய்வில் தோன்றுவது, அசைத்தால் தணிவது, மாலையிலும் இரவிலும் மோசமாவது, வேறு நோயால் விளக்க முடியாதது. ஸ்கேனில் தெரியாது; இதற்கென்று தனி இரத்தப் பரிசோதனை கிடையாது. நோயாளி சொல்லும் வார்த்தைதான் பரிசோதனை. அதனால்தான் தமிழில் சரியான வார்த்தை இல்லாதது இந்த நோயில் மற்ற நோய்களைவிட அதிகம் உதைக்கிறது.

என் கதையே அதற்குச் சான்று. இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஏழு மாதமாக இருந்தபோது ஆரம்பித்தது. பிள்ளை பிறந்ததும் போனது. நான்கைந்து ஆண்டு கழித்துத் திரும்பி வந்து தங்கிவிட்டது. மருத்துவரிடம் போய் எனக்குத் தெரிந்த ஒரே சொல்லைச் சொன்னேன்: “ராத்திரியில கால் குடைச்சல் டாக்டர்.” குடைச்சல் என்றதும் வலி மாத்திரை வந்தது. அடுத்தவர் வாதம் என்றார். இன்னொருவர் சர்க்கரையா என்று பார்த்தார், இல்லை. முதுகுத்தண்டுக்கு ஸ்கேன் எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஒருவர் மனக்கவலை என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். அது போட்ட வாரம் படுக்கவே முடியவில்லை. மன அழுத்தத்துக்கான மருந்துகளில் பல இந்த நோயைக் கூட்டும் என்பது பல காலம் கழித்துத்தான் தெரிந்தது. தும்மலுக்கும் அரிப்புக்கும் நம் வீடுகளில் சாதாரணமாகப் போடும் அவில் போன்ற மாத்திரைகளும் அப்படித்தான். தூக்கம் வரும் என்று அதைப் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்த இரவுகள் எனக்கு எத்தனையோ.

ஒன்பது ஆண்டு இப்படிப் போனது. பிறகு ஒரு மருத்துவர், வயதில் என் பிள்ளை மாதிரி, “வலிக்குதாம்மா, இல்ல அசைக்கணும்னு இருக்கா?” என்று கேட்டார். ஒன்பது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அங்கேயே அழுதுவிட்டேன். ஆகவே ‘கால் குடைச்சல்’ என்பதைப் பரிந்துரைத்தவரிடம் என் வேண்டுகோள்: அது நல்ல தமிழ்ச்சொல்தான், மக்கள் சொல்தான். ஆனால் அது மூட்டுவலிக்கும், இடுப்பிலிருந்து இறங்கும் நரம்பு வலிக்கும், சர்க்கரைக்காரர்களின் கால் எரிச்சலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்கும் அதையே வைத்தால் என்னைப் போல் இன்னும் பலர் ஒன்பது ஆண்டு அலைவார்கள்.

> எங்கட பக்கம் ‘கால் உளையுது’ எண்டுதான் சொல்லுவினம். ‘கால் உளைவு’ எண்டு வைக்கலாமே?

யாழ்ப்பாணத்து அக்கா எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. ‘கை கால் உளைச்சல்’ என்று எங்கள் பக்கத்துப் பாட்டிகளும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் அக்காவே அடுத்த வரியில் எழுதியிருந்தார்: நெடுந்தூரம் நடந்துவிட்டு வந்தாலும் கால் உளையும், காய்ச்சல் வருமுன்னும் உளையும். களைப்பின் வலி அது. பேச்சு வழக்கில் அது அப்படியே வாழட்டும். நோயின் பெயராக வைத்தால் குடைச்சலுக்கு நேர்ந்ததுதான் இதற்கும் நேரும்.

> ‘கால் இருப்புக்கொள்ளாமை’ – இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்குமா?

இதைப் படித்ததும் நானும் துள்ளினேன். எவ்வளவு அழகான சொல்! கிட்டத்தட்ட கையெழுத்துப் போட்டுவிட்டேன். அப்புறம் டயாலிசிஸ் பிரிவில் பணிபுரியும் செவிலியர் தங்கையின் மடல் வந்தது. அவர் சொல்வது நியாயம். அகதீசியா என்று இன்னொரு நிலை இருக்கிறது. மனநோய் மருந்துகளாலும், வாந்தியை நிறுத்தப் போடும் மெட்டோகுளோப்ரமைடு ஊசியாலும் வருவது. காலுக்கு மட்டும் இல்லை. ஆளே உள்ளுக்குள் பதறி, உட்கார முடியாமல் எழுந்து எழுந்து நடப்பார். இரவு பகல் பார்க்காது. செக் நாட்டு மருத்துவர் ஹாஸ்கோவெக் 1901-இல் அந்தப் பெயரை வைத்தார். கிரேக்கத்தில் அதன் பொருளே ‘உட்காராமை’. அப்படியானால் இருப்புக்கொள்ளாமை என்பது அதற்கே உரிய சொல். அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே வறுமை வந்துவிடும். இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மருத்துவமனைகளில் நடக்கும் தவறு என்றும் அவர் எழுதியிருந்தார். பெயரிலேயே பிரித்துவிடுவது நல்லது.

டயாலிசிஸ் பற்றி அவர் எழுதியதை எல்லோரும் ஒருமுறை திரும்பப் படியுங்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் இது அதிகம். நான்கு மணி நேரம் ஊசியோடு கிடக்க வேண்டியவர், மூன்றாம் மணியில் “கழட்டி விடுங்க சிஸ்டர், போதும்” என்று கெஞ்சுகிறார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நாம் தேடும் சொல் அவருக்கானது.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன்: கால் தவிப்பு.

தமிழில் உடம்பு தானாகச் செய்வதை எப்படிப் பெயர் வைத்திருக்கிறோம் என்று பாருங்கள். வலிப்பு, இழுப்பு, பிடிப்பு, படபடப்பு, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு. எதற்கும் வாலாக ‘நோய்க்குறி’யோ ‘கூட்டறிகுறி’யோ தேவைப்படவில்லை. ‘கால் தவிப்பு’ அந்தக் குடும்பத்தில் போய்ச் சிரமமில்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. சிண்ட்ரோம் என்ற பகுதியை மொழிபெயர்த்தே தீர வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிடலாம் என்பது என் துணிபு.

> தவிப்பு மனம் சார்ந்தது. பிள்ளையைக் காணாத தாயின் தவிப்பு என்போம். இதை வைத்தால் மனநோய் என்று நினைக்க மாட்டார்களா?

மிக முக்கியமான மறுப்பு. வரலாறும் ஐயா பக்கம் இருக்கிறது. 1861-இல் தியோடர் விட்மாக் என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்கு லத்தீனில் ‘அங்க்சியேதாஸ் திபியாரும்’ என்று பெயர் வைத்தார். கணைக்கால்களின் தவிப்பு என்றே அதைத் தமிழில் சொல்லலாம். ஆனால் அவர் இதை ஹிஸ்டீரியாவின் ஒரு கூறு என்று எண்ணிவிட்டார். அந்தப் பழி நெடுநாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே 1672-இல் இங்கிலாந்தின் தாமஸ் வில்லிஸ், படுக்கையில் கை கால் துள்ளித் தூங்க முடியாமல் சித்திரவதைக் கூடத்தில் கிடப்பது போல் கிடப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தார். அபினி கொடுத்துப் பார்த்தார். 1945-இல் சுவீடனின் எக்பாம்தான் பல நோயாளிகளைப் பார்த்து, இது மனக்கோளாறு இல்லை, தனி நோய் என்று நிறுவி, இப்போதைய பெயரையும் வைத்தார். (வில்லிஸ்–எக்பாம் நோய் என்றே வைக்கலாம் என்ற யோசனைக்கு: அமெரிக்காவில் நோயாளர் அறக்கட்டளையே சில காலம் அந்தப் பெயரை வைத்துப் பார்த்துவிட்டுப் பழைய பெயருக்கே திரும்பிவிட்டது.)

ஆனாலும் தமிழ்த் தவிப்பு மனத்தோடு நிற்பதில்லை. ‘தவித்த வாய்க்குத் தண்ணீர்’ என்கிறோம். மூச்சுக்குத் தவிக்கிறார் என்கிறோம். தண்ணீர்த் தவிப்பு மனநோயா? உடம்புக்கு ஒன்று வேண்டும், அது கிடைக்கவில்லை, கிடைத்த கணமே அடங்கும். தவிப்பு அதுதான். இங்கே கால் கேட்பது அசைவு. கொடுத்தால் அடங்குகிறது. நோயின் மையமான உந்துதலும், அசைத்தால் தணிவதும், இரண்டுமே இந்த ஒரு சொல்லுக்குள் இருக்கின்றன. வேறு எந்தப் பரிந்துரையிலும் இரண்டும் சேர்ந்து இல்லை.

> புணர்ச்சி விதிப்படி ‘காற்றவிப்பு’ என்றல்லவா வரும்?

வரும். கல்+தூண் கற்றூண் ஆவது போல. ஆனால் அதைப் படிப்பவர் காற்று+அவிப்பு என்று பிரிப்பார். கால்தடம், கடல்தாமரை என்று இன்று இயல்பாக எழுதுகிறோம். பொருள் கெடும் இடத்தில் பிரித்து எழுதுவதே சரி என்று நினைக்கிறேன். ‘இராக்கால் தவிப்பு’ என்ற யோசனையிலும் இதே சிக்கல்: இராக்காலமா, இரவில் வரும் கால் தவிப்பா? நீண்ட விமானப் பயணத்தில் பகலிலும் வருகிறது. முன்னொட்டு வேண்டாம்.

இதோடு தொடர்புடைய இரண்டு சொற்களையும் முடித்துவிடலாம். தூக்கத்தில் இருபது முப்பது நொடிக்கு ஒருமுறை கால் வெட்டிக்கொள்வது, நமக்கே தெரியாமல். கால் தவிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இதுவும் இருக்கிறது. ‘துயில் காலசைவு’ போதும். மற்றது, ஆங்கிலத்தில் ஆக்மென்டேஷன் என்பது. இதற்கு எனக்குச் சொல் கிடைக்கவில்லை, உதவுங்கள். இந்த நோய்க்குத் தரும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகள் முதலில் மந்திரம் போலக் கேட்கும். என் அம்மா கடைசிக் காலத்தில் ஒன்றைச் சாப்பிட்டு, முப்பது ஆண்டுக்குப் பின் முதல்முறையாக இரவு முழுக்கத் தூங்கினார். ஒன்றரை ஆண்டில் தவிப்பு மதியம் இரண்டு மணிக்கே வரத் தொடங்கியது, கைக்கும் ஏறியது. அளவைக் கூட்டினார்கள்; இன்னும் மோசமானது. நோயைத் தணித்த மருந்தே நோயை வளர்ப்பது. 2025 தொடக்கத்தில் வந்த அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் வழிகாட்டுதலும் இந்த மருந்துகளை வழக்கமாகத் தர வேண்டாம் என்றே சொல்கிறது. கபாபென்டின், பிரிகாபலின் வகைகளையும் இரும்புச் சத்தையும் முன்னால் வைக்கிறது. ‘மருந்தேற்றம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது வேறு பொருள் தருகிறது. ‘மருந்துவழி முற்றல்’?

இரும்பு பற்றி ஒரு பத்தி, சொல்லாக்கத்துக்கு வெளியே என்றாலும். அந்த இளம் மருத்துவர் எனக்கு ஃபெரிட்டின் (உடம்பில் சேமிப்பாக இருக்கும் இரும்பைக் காட்டும் அளவு) பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 12.2, சோகை இல்லை. ஃபெரிட்டின் 14. ஆய்வகத் தாளில் அது ‘நார்மல்’ என்றே அச்சாகியிருந்தது. இந்த நோய்க்கு அது போதாது. 75-க்குக் கீழே இருந்தாலே இரும்பு தரலாம் என்கிறார்கள். இரத்தத்தில் போதுமான இரும்பு இருந்தாலும் மூளையில் குறைவாக இருக்கலாம் என்பதுதான் இங்கே சிக்கல். ஒருநாள் விட்டு ஒருநாள், காலையில் வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாற்றோடு ஒரு மாத்திரை. காபிக்கும் அதற்கும் நல்ல இடைவெளி. மூன்று மாதத்தில் வாரம் ஏழு இரவு என்பது இரண்டு இரவானது. எல்லோருக்கும் இப்படி ஆகாது. பரிசோதிக்காமல் யாரும் இரும்பு சாப்பிடாதீர்கள். மிஞ்சினால் உடம்பில் சேர்ந்து கெடுக்கும்.

அம்மாவுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. கெண்டைக்காலில் ஈரத்துண்டை இறுக்கிக் கட்டிக்கொள்வார். “ஏறி மிதிடி” என்று என்னைக் காலில் ஏற்றி நடக்கச் சொல்வார். நானும் பாதித் தூக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். நான் தூங்கியதும் எழுந்து முற்றத்தில் நடப்பார். அப்பத்தா, “ராவெல்லாம் நடக்கிறாளே, என்ன கவலையோ” என்பார். உறவுக்காரர்கள் வேறு மாதிரியும் பேசினார்கள். அம்மா சொன்னது ஒன்றுதான்: “காலு தவிக்குதுடி.” நான் இந்தச் சொல்லைச் சொந்தமாக ஆக்கவில்லை. அதை இன்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்.

சொற்பட்டியலில் சேர்ப்பதாக இருந்தால் விளக்கம் இப்படி இருக்கட்டும்: கால் தவிப்பு – ஓய்வில், குறிப்பாக மாலையிலும் இரவிலும், கால்களை அசைக்க வேண்டும் என்று எழும் அடக்கவொண்ணா உந்துதல், அசைத்தால் தணிவது. அகதீசியாவுக்கு இருப்புக்கொள்ளாமை.

செவிலியர் தங்கையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாராவது கழட்டி விடச் சொன்னால், “கால் தவிக்குதா?” என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு உடனே புரிகிறதா என்று இங்கே எழுதுங்கள். புரியவில்லை என்றால் என் பரிந்துரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அன்புடன்,
தஞ்சையிலிருந்து