மறுமொழி: கடல்நீர்த் தொட்டியில் ‘சைக்கிளிங்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களே,

புதுத் தொட்டியில் மீன் விடுமுன், மீன் கழிவிலிருந்து வரும் நச்சான அமோனியாவை மாற்றும் நுண்ணுயிரிகள் பெருகும்வரை காத்திருப்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘சைக்கிளிங்’ என்கிறார்கள். அதற்கு ‘சுழற்சியூட்டல்’, ‘நுண்ணுயிர்க் குடியேற்றம்’, ‘பழக்குதல்’, ‘முதிர்த்தல்’ என்று இங்கே வந்த பரிந்துரைகளைப் பற்றி என் கருத்து இது.

> ‘சுழற்சியூட்டல்’ போதுமே? ‘நைட்ரஜன் சுழற்சி’ பாடநூலிலேயே இருக்கிறதே.

இருக்கிறது. ஆனால் இந்த இடத்தில் அந்தச் சொல் மீனைக் கொல்லும். என் முதல் கடல்நீர்த் தொட்டியை ஒரு தமிழ்க் குறிப்பைப் பார்த்துத்தான் அமைத்தேன். ‘சுழற்சி முடிந்தபின் மீன் விடுக’ என்று அதில் இருந்தது. தண்ணீர் சுழல்வதைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, பம்பை மூன்று நாள் ஓடவிட்டேன். நீர் பளிச்சென்று தெளிந்தது. இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். ஐந்தாம் நாள் காலையில் இரண்டும் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்மூடி படபடவென்று அடித்தது. அமோனியா சோதனைக் குழாயில் மஞ்சளாக நிற்கவேண்டிய நீர் கரும்பச்சையாக இருந்தது. இரண்டையும் காப்பாற்ற முடியவில்லை. அந்த வரியில் வேறு சொல் இருந்திருந்தால் நான் காத்திருந்திருப்பேன்.

இன்னொன்று, தொட்டிக்குள் நடப்பது முழுச் சுழற்சியும் இல்லை. மீன் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வருகிறது. நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிரிகள் அதை நைட்ரைட்டாக்குகின்றன, நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குகின்றன. பெரும்பாலும் அதோடு நின்றுவிடும். சேர்ந்த நைட்ரேட்டை நாம்தான் நீர் மாற்றி வெளியேற்றுகிறோம். பாறையின் உள்துளைகளில், ஆக்சிஜன் எட்டாத இடத்தில் மட்டும் கொஞ்சம் நைட்ரஜன் வாயுவாகிப் பிரிகிறது. வட்டம் மூடவே இல்லை.

ஆகவே வட்டத்தை விட்டுவிட்டு, நடக்கும் வேலைக்குப் பெயர் வைப்போம். அந்த நுண்ணுயிரிகள் நீரில் மிதப்பதைவிட, பாறை, மணல், வடிகட்டி என்று மேற்பரப்புகளில்தான் ஒட்டிப் பெருகுகின்றன. இதனால்தான் ‘நுண்ணுயிர்க் குடியேற்றம்’ என்ற பரிந்துரை எனக்கு மிகவும் பிடித்தது. விளக்கம் எழுத அருமையான சொல். ஆனால் ‘தொட்டி குடியேறிவிட்டதா?’ என்று கேட்க முடியாதே! தொட்டி வைத்திருப்பவர் நாள்தோறும் கேட்கும் கேள்வி அது ஒன்றுதான்.

‘பழக்குதல்’ வாயில் நன்றாக வருகிறது. ஆனால் அது வேறு வேலைக்கு வேண்டும். வாங்கிவந்த மீனைத் தொட்டி நீரின் வெப்பத்துக்கும் உப்புக்கும் மெல்ல மெல்லப் பழக்குகிறோமே, அதற்கு. ‘முதிர்த்தல்’ என்பதையும் ஓராண்டு கடந்த, பாசியும் சிற்றுயிர்களும் நிலைத்த தொட்டிக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் பரிந்துரை ‘பதமாக்கல்’. மழைக்குப்பின் மண் பதமானதும் ஏர் பூட்டுவது என்கிறோம் இல்லையா, அதே பதம்தான். காத்திருத்தலும் சோதித்துப் பார்த்தலும் அந்தச் சொல்லிலேயே இருக்கின்றன. செய்வதற்கு ‘பதமாக்கு’, தானாக நிகழ்வதற்கு ‘பதமாகு’ என்று இரண்டும் கிடைக்கின்றன. ‘பதப்படுத்தல்’ தோலுக்கும் பழச்சாற்றுக்கும் போய்விட்டது, அதைத் தொடவேண்டாம்.

எழுதிப் பார்த்தேன்:

‘மீனின்றிப் பதமாக்கும்போது, லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் அளவுக்கு அமோனியா ஊட்டவும். முதலில் அமோனியா இறங்கி நைட்ரைட் ஏறும், அப்புறம் நைட்ரைட்டும் இறங்கி நைட்ரேட் ஏறும். ஊட்டிய அமோனியா 24 மணி நேரத்தில் நைட்ரைட்டாகவும் தேங்காமல் முழுதும் மறைந்தால் தொட்டி பதமாகிவிட்டது. இதற்குப் பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும்.’

எங்கும் இடறவில்லை. புட்டியில் வரும் நுண்ணுயிரியைச் சேர்ப்பதை ‘விதைத்தல்’ எனலாம். பதமான தொட்டியிலிருந்து ஒரு துண்டுப் பாறை எடுத்துப் போடுவதற்கும் அதே சொல் பொருந்தும். முன்பெல்லாம் தாக்குப்பிடிக்கும் டாம்சல் மீன்களை விட்டே தொடங்குவார்கள். அது ‘மீனோடு பதமாக்கல்’. சொல்லைத் தொகுப்பில் சேர்ப்போம், ஆனால் முறையைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கடல்நீரின் பிஎச் 8.1 முதல் 8.3 வரை இருப்பதால் நன்னீரைவிட அமோனியாவின் நச்சு வடிவம் அங்கே கூடுதல். செவுள் வெந்துபோகும்.

இனி ஒரு சொல் பாக்கி. கடலிலிருந்து வந்த உயிர்ப்பாறையில் (உயிர்கள் ஒட்டி வாழும் பாறை) வழியிலேயே செத்த உயிர்கள் அழுகி முடியும்வரை அதைத் தனியாக ஒரு தொட்டியில் வைக்கிறோம். இதையும் பதமாக்கல் என்றால் குழப்பம் வரும். புண் ஆறுவதுபோல, ‘பாறையை ஆறவிடுதல்’ எனலாமா? சூடு ஆறுவதாகப் படித்துவிடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. பவளம் வளர்ப்பவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.