வாடகை வாங்கப் போன இடத்தில்: வீட்டுக்காரர்கள் இணையத்தில் பகிர்ந்த அனுபவங்கள்

உறையூர் நாலு போர்ஷன்

அப்பா போனதுக்கு அப்புறம் வீடு என் பொறுப்பு. கீழே ரெண்டு, மேலே ரெண்டு. மூணாவது மாசம் வாடகை வாங்கப் போனேன். கீழ் வீட்டு அக்கா பணத்தை எண்ணிக் கொடுத்தாங்க. "கொஞ்சம் இருங்க தம்பி"ன்னு உள்ளே போய் ஒரு முறத்தை எடுத்துட்டு வந்தாங்க. முறத்துல மூணு துண்டு காரை. ஒரு துண்டுல கம்பியோட துரு அச்சு மாதிரி பதிஞ்சிருக்கு.

"இதையும் வாங்கிட்டுப் போங்க. உங்க வீட்டோடதுதானே."

மேல் வீட்டு பாத்ரூம் தண்ணி இறங்கி, அவங்க சமையல்கட்டு மேல்தளம் பொரிஞ்சு இட்லிப் பானை மேல விழுந்திருக்கு. யாருக்கும் அடியில்லை. ரெண்டு மாசமா சொல்லிட்டேதான் இருந்தாங்க, நானும் "பார்க்கிறேன்க்கா"ன்னு சொல்லிட்டே இருந்தேன். அதுக்கு முன்னாடி அப்பா அதே இடத்துல பெயிண்ட் அடிச்சு மறைச்சிருக்கார். நாலு வார்த்தை திட்டியிருந்தா மறந்திருப்பேன். தாம்பூலம் கொடுக்கிற மாதிரி ரெண்டு கையால நீட்டினாங்க பாருங்க, அதைத்தான் மறக்க முடியலை.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். சொல்லுங்க.

தாம்பரம் மூணு மாடி

எனக்கு செப்டிக் டேங்க். ஐப்பசி மழை, டேங்க் நிரம்பி கீழ் வீட்டு டாய்லெட்ல எதிர்த்து வருது. லாரிக்காரர் நாளன்னைக்குத்தான் வருவேன்னுட்டார். யாரோ சொல்லி ஒரு ஆள் வந்தார், கையில கயிறும் பக்கெட்டும். "லாரி எதுக்கு சார், நானே இறங்கி எடுத்துடறேன்."

ஆளை இறக்கக் கூடாதுன்னு 2013லயே சட்டம் வந்தாச்சு. உள்ள விஷவாயு இருக்கும், இறங்கினவரைத் தூக்க இறங்கினவரும் செத்த செய்தியெல்லாம் படிச்சவன்தான் நான். தெரிஞ்சும் எவ்வளவு கேட்கிறார்னு கேட்டேன். அவர் மூடியைத் தள்ளிட்டு விளிம்புல உட்கார்ந்து ஒரு காலை உள்ள விட்டுட்டார். ரெண்டாவது மாடியிலேர்ந்து குடித்தனக்கார அம்மா கத்தினாங்க: "அங்கிள், அவரை வெளிய வரச் சொல்லுங்க!"

வெளிய வரச் சொன்னேன். கூலியில பாதியைக் கொடுத்து அனுப்பினேன். லாரி ரெண்டு நாள் கழிச்சு வந்துச்சு, அதுவரைக்கும் கீழ் வீட்டுக்காரங்க எங்க வீட்டு டாய்லெட்டுக்கு வந்தாங்க. அந்த அம்மா கத்தலைன்னா நான் என்ன செஞ்சிருப்பேன்னு இன்னும் என் மனைவிகிட்ட சொன்னதில்லை.

வடபழனி ஆறு வீடு

முதல் பதிவருக்கு. இதுல 'பார்க்கிறேன்'னு சொல்லவே இடமில்லை. தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017, நடைமுறைக்கு வந்தது 2019 பிப்ரவரி. அதோட இரண்டாம் அட்டவணையில யார் எதைச் செய்யணும்னு பிரிச்சே போட்டிருக்கு. கட்டடப் பழுது, வெள்ளையடிக்கிறது, குழாய் மாத்துறது, வயரிங் எல்லாம் நம்ம செலவு. குழாய் வாஷர், சுவிட்ச், அடைச்ச சாக்கடை, உடைஞ்ச கண்ணாடி அவங்க செலவு. நாம செய்யலைன்னா அவங்களே செஞ்சு வாடகையில கழிச்சுக்கலாம். ஒப்பந்தத்தை வாடகை அதிகாரிகிட்ட பதிவு பண்ணிட்டீங்களா? 11 மாசம்னு எழுதிட்டாப் போதும், பதிவு வேண்டாம்னு நினைக்கிறது பழைய கதை. இந்தச் சட்டத்துல அது செல்லாது.

என் அனுபவம்: ஒருத்தர் காலி பண்ணும்போது சீலிங் ஃபேனையும் கழட்டிட்டுப் போயிட்டார்.

சைட் எஞ்சினியர்

உறையூர் சார், சட்டம் இருக்கட்டும். முதல்ல சொட்டு எப்ப வருதுன்னு பாருங்க. யாரும் குளிக்காத ராத்திரியிலயும் ஒரே சீரா சொட்டினா, சுவத்துக்குள்ள ஓடுற தண்ணிக் குழாய். குளிச்சு கொஞ்ச நேரம் கழிச்சுச் சொட்டினா, நஹானி டிராப் (தரைத் தண்ணி வெளியேறுற வாய்) இல்லைன்னா தரை ஜாயிண்ட். டிராப் வாயைத் துணியால அடைச்சு, தரையில ரெண்டு விரக்கடை தண்ணி கட்டி, சொட்டு நீலம் கலந்து ஒரு ராத்திரி விடுங்க. நீலமா இறங்கினா தரை. இறங்கலைன்னா அடைப்பை எடுத்துட்டு மறுபடி நீலத் தண்ணி ஊத்துங்க. இப்ப இறங்கினா டிராப்.

பாத்ரூம் தளத்தைத் தாழ்த்திப் போட்டு மேல செங்கல் ஜல்லி கொட்டியிருப்பாங்க. அந்த ஜல்லி தண்ணியைக் குடிச்சு வச்சிருக்கும். குழாயை மாத்தின பிறகும் கொஞ்ச நாள் சொட்டும், கொத்தனாரைத் திட்டாதீங்க. டைல்ஸுக்கு மேல கெமிக்கல் தடவினாப் போதும்னு ஒருத்தர் வருவார், நம்பாதீங்க. டைல்ஸையும் ஜல்லியையும் எடுத்துட்டு, தளத்துலயும் சுவத்துல ஒரு முழம் உயரத்துக்கும் வாட்டர்ப்ரூஃப் கொடுங்க. மேல மூடறதுக்கு முன்னாடி மறுபடி தண்ணி கட்டிப் பாருங்க.

கீழ் வீட்டு மேல்தளத்துல கம்பி துரு பிடிச்சு வீங்கித்தான் காரையைத் தள்ளியிருக்கு. அதுமேலயே பூசினா இன்னொரு முறம் வரும். தட்டிப் பாருங்க, உள்ளே காலியா இருக்கிற மாதிரிச் சத்தம் வர்ற இடம் வரைக்கும் கொத்தி எடுக்கணும். கம்பியைப் பிரஷ் போட்டுத் தேய்ச்சு, துருத் தடுப்பு அடிச்சு, பாலிமர் கலவை வைக்கணும். கம்பி பாதிக்கு மேல தின்னுப் போயிருந்தா என்னை மாதிரி ஆளை நேர்ல கூப்பிட்டுக் காட்டுங்க.

என் கதை: நானே நின்னு போட்ட தரை ஒழுகுச்சு. கீழ் வீட்டுச் சின்னப் பையன், "நீங்க எஞ்சினியர்தானே அங்கிள்?"ன்னான்.

திருப்பூர் லைன் வீடு

எனக்குப் பத்து ரூமுங்க, வரிசையா. பனியன் கம்பெனிக்குப் போற பசங்க. 2020 மார்ச்சுல எல்லாம் மூடியாச்சு. ஒரு மாசத்துக்குத் தொழிலாளிககிட்ட வாடகை கேக்கக் கூடாதுன்னு 29ஆம் தேதி டெல்லியில உத்தரவு. நான் கேக்கலைங்க. ஆனா வேண்டாம்னும் சொல்லலை. வாசல்ல நின்னா தலையைக் குனிஞ்சுட்டுப் போவானுங்க.

மே மாசம் ஸ்ரமிக் ரயில் விட்டாங்க. ஒரு நாள் விடியக்காலம் பார்த்தா ஏழாம் நம்பர் ரூம் காலி. பீகார் பையன். என் வாசப்படியில பால் கவர்ல சுத்தி சாவி, ஐந்நூறு ரூபாய், ஒரு துண்டுச் சீட்டு. இந்தி எனக்குப் படிக்கத் தெரியாது, நம்பர் மட்டும் புரிஞ்சுது. சப்-மீட்டர் ரீடிங்குங்க. போய்ப் பார்த்தேன், ஒரு யூனிட் மாறலை.

"வாடகை கெடக்குது கண்ணு"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சொல்லிட்டுப் போயிருப்பானே.

வடபழனி ஆறு வீடு

சப்-மீட்டர்ல யூனிட்டுக்கு எவ்வளவு வாங்கினீங்க?

திருப்பூர் லைன் வீடு

எட்டு ரூபாய். பத்து ரூமுக்கும் ஒரே சர்வீஸ், ஓட ஓட ரேட்டு ஏறுதுங்களே.

வடபழனி ஆறு வீடு

அதைத்தான் சொல்றேன். தனித்தனி சர்வீஸ் எடுத்திருந்தா ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வந்திருக்கும். மோட்டாருக்கும் வாசல் லைட்டுக்கும் மட்டும் பொது சர்வீஸ். அதை 2022ல யூனிட் 8 ரூபாய் ஆக்கினாங்க. 2023 நவம்பர்லேர்ந்து பத்து வீட்டுக்குள்ள, மூணு மாடிக்குள்ள, லிஃப்ட் இல்லாத குடியிருப்புக்கு 5.50 ஆச்சு. ஒரு மனு எழுதிப் போட வேண்டியதுதானே?

திருப்பூர் லைன் வீடு

நான் பையனைப் பத்திச் சொன்னேனுங்க. நீங்க மீட்டரைப் பத்திப் பேசறீங்க.

மதுரை மாடி வீடு

வடபழனி அண்ணே, நானும் உங்களை மாதிரிச் சட்டம் பேசுனவன்தான். எங்கப்பா மேல் வீட்டைப் போக்கியத்துக்கு விட்டிருந்தாரு, மூணு லட்சம். அந்தப் பணம் அக்கா கல்யாணத்துல கரைஞ்சு போச்சு. கெடு முடிஞ்சதும் மேல் வீட்டுப் பெரியவர் வந்தாரு. ஜவுளிக்கடைப் பைக்குள்ள பாலிதீன் கவர், அதுக்குள்ள பத்திரம், பூராம் அந்துருண்டை வாசம். மகன்கிட்ட போறோம், போக்கியப் பணத்தைக் குடுத்தா நல்லாயிருக்கும்னாரு.

என்கிட்ட பத்து பைசா இல்ல. பத்திரத்தைப் புரட்டிப் பார்த்துட்டு, "ஐயா, இது பதிவு பண்ணாத பத்திரம். போக்கியம்னா பதிவு பண்ணியிருக்கணும், கோர்ட்டுல நிக்காது"ன்னுட்டேன். நெசந்தான், 100 ரூபாய்க்கு மேல போனாலே பதியணும். அவரு கோவப்படலை. கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அப்பா கையெழுத்தைப் பார்த்தாரு. "இது அவர் கையெழுத்துதானப்பா?"ன்னாரு.

ஆமான்னேன்.

வீட்டுக்காரி நகையை வச்சு ரெண்டு தவணையில குடுத்தேன். ரெண்டாவது தவணை வாங்கினப்போ எனக்கு ரசீது எழுதிக் குடுத்துட்டுப் போனாரு மனுசன், ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி.

உறையூர் நாலு போர்ஷன்

எஞ்சினியர் சார், தரையில நீலம் கட்டி நேத்து ராத்திரி விட்டோம். காலையில அக்கா போன் பண்ணி, "தம்பி, நீலமா சொட்டுது, வந்து பாருங்க"ன்னாங்க. போய்ப் பார்த்தேன். தரைதான்.

கொத்தனார் பத்து நாள் கேட்கிறார். மேல் வீட்டுல அஞ்சு பேர், ஒரே பாத்ரூம். பத்து நாள் எங்க குளிக்கிறதுன்னு கேட்கிறாங்க. பக்கத்துப் போர்ஷன்காரங்க ஒத்துக்கலை. கீழ் வீட்டு அக்கா, "காலையில ஆறு மணிக்குள்ள வந்துட்டாங்கன்னா நம்ம வீட்டுலயே குளிச்சுக்கட்டும்"னு சொல்றாங்க. அக்காவுக்கு அந்த மாச வாடகையில எவ்வளவு குறைக்கலாம்?